அறுபதில் ஒன்று

ஏப்ரல் 14, திங்கள்

நேற்று மதியம் ஏற்காடு வந்து சேர்ந்தேன். இன்று சித்திரை ஒன்று என்று சமையலறையில் பாயசம் வைத்தார்கள். இரண்டு கரண்டி குடித்துவிட்டு மீதியைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

கல்லூரிக்குக் காட்ட வேண்டிய பயிற்சிக் குறிப்பேடு தனியாக இருக்கிறது. அதில் ‘இன்று கற்றவை’ என்று கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இது அது இல்லை. இது என் பையின் அடியில், துணிகளுக்குக் கீழே இருக்கும்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். காப்பித் தோட்டத்துக்காரர் ஒருவர் விட்டுக்கொடுத்த பழைய விடுதி. ஓட்டுக் கட்டடம் நான்கு, ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடம், சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள். மே முதல் தேதி நாற்பத்திரண்டு குழந்தைகள் வருகிறார்கள், பத்து நாட்களுக்கு. எல்லோருக்கும் சர்க்கரை நோய். பெரியவர்களுக்கு வருவது போன்றதல்ல. சின்ன வயதிலேயே வந்து, ஆயுள் முழுக்க ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய வகை. வீட்டில் இவர்களை ஓட விடுவதில்லை, வெளியூர் அனுப்புவதில்லை. இங்கே மலையேறலாம், கயிற்றில் தொங்கலாம், சண்டை போடலாம். அதற்காக டாக்டர் ஹெப்சிபா பதினொரு வருடமாக இந்தக் கோடை முகாமை நடத்துகிறார். அதற்கு முன்னால் பதினேழு நாள் ஆயத்த வேலை. அதற்குத்தான் நான்.

மேலாளர் நவநீதன் சார். கழுத்தில் எப்போதும் விசில். சமையலறையும் சேமிப்பறையும் அலமேலுக்காவின் பொறுப்பு. பக்கத்து மலைக்கிராமத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததுமே “வா கண்ணு” என்றார். என் அறைத்தோழி ரிஸ்வானா, ஆத்தூர், செவிலியர் படிப்பு. நான் ஊட்டச்சத்து, மூன்றாம் வருடம்.

எனக்கும் அதே நோய்தான். பதினோரு வயதில் வந்தது, ஒன்பது வருடமாகிறது. அம்மா, அப்பா, ஈரோட்டில் ஒரு டாக்டர், இவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்பது அம்மாவின் கேள்வி. பயிற்சிப் பட்டியலில் ஆறு இடங்கள் இருந்தன. துறைத்தலைவிதான் என்னை இங்கே போட்டார் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மெத்தைகளை வெயிலில் போட்டுத் தட்டினோம். அறுபத்தொரு மெத்தை. நாலாவது கட்டடத்தில் மூட்டைப்பூச்சி. மருந்தடிக்க ஆள் வரும்வரை கட்டில்களை வெளியே இழுத்துப் போட்டோம்.

மதியம் இட்லி எடை போடும் வேலை. ஒவ்வொரு குழந்தையும் எவ்வளவு மாவுச்சத்து சாப்பிடுகிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு மருந்து என்று சொல்ல முடியும். அதனால் எல்லா இட்லியும் நாற்பது கிராம் இருக்க வேண்டும். அலமேலுக்கா ஊற்றிய இருபது இட்லியில் பத்தொன்பது நாற்பது. ஒன்று நாற்பத்திரண்டு. “அது உனக்கு” என்று தட்டில் வைத்தார்.

சாப்பிடும் முன் குளியலறைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். ஒரு நாளைக்கு நாலு முறை குளியலறைக்குப் போகிறவளை ரிஸ்வானா என்ன நினைப்பாளோ.

ஏப்ரல் 16, புதன்

மழை. மெத்தைகளை உள்ளே ஓடி ஓடிப் போட்டோம். நாளைக்கு மறுபடி வெளியே.

ஏப்ரல் 17, வியாழன்

மருந்துகள் வந்தன. தெர்மாகோல் பெட்டிகளைப் பிரித்து சேமிப்பறைக் குளிர்பெட்டியில் அடுக்கினோம். சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் பேனா, அதாவது மருந்தோடு வரும் பேனா மாதிரி ஊசி, அறுபது. இரவில் போடும் பேனா நாற்பத்தைந்து. நன்கொடையாக வந்தவை, ஒவ்வொன்றின் மேலும் ‘விற்பனைக்கல்ல’ என்று முத்திரை. எண்ணிப் பதிவேட்டில் எழுதியது என் கை. அறைக்கு இரண்டு சாவி. ஒன்று நவநீதன் சாரிடம். இன்னொன்று அலமேலுக்காவிடம், காலையும் மாலையும் குளிர்பெட்டியின் வெப்பமானியைப் பார்த்துக் குறிப்பது அவர்தான்.

நான் கொண்டுவந்ததில் பிரிக்காத இரண்டு பேனாக்களைப் பூப்போட்ட டிபன் டப்பாவில் போட்டு, சமையலறைக் குளிர்பெட்டியில் தேங்காய் மூடிகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். தலைவலி மருந்து, குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று அலமேலுக்காவிடம் சொன்னேன்.

அம்மா பேசினார். சங்ககிரியிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தியிருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும் இருபத்தேழாம் தேதி ஏற்காட்டுக்குச் சுற்றிப் பார்க்க வருகிற மாதிரி வந்து என்னைப் பார்ப்பார்கள். என்ன முகாம் என்று கேட்டால் விளையாட்டு முகாம் என்று சொல்ல வேண்டுமாம். சரி என்றேன். பேசி முடித்தபோது மைதானத்தை ஆறு சுற்று சுற்றியிருந்தேன்.

ஏப்ரல் 19, சனி

அலமேலுக்கா சமையலறைக் குளிர்பெட்டியைக் கழுவித் துடைத்தார். என் டப்பாவை, இன்னும் நன்றாகக் குளிரட்டும் என்று மேலே ஐஸ் தட்டில் வைத்துவிட்டார். என் நல்லதுக்குத்தான். மாலையில் எடுத்துப் பார்த்தபோது இரண்டு பேனாவும் கல்லாக உறைந்திருந்தன. உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது. இப்போது போட்டுக்கொள்ளும் என் கைப்பேனாவில் நாளை மதியம் வரைக்குத்தான் இருக்கிறது. இரவில் போடும் பேனா மட்டும் என் பையில் பத்திரமாக இருக்கிறது.

ஓடிப்போய்ப் பேருந்து நிலையத்தருகே மருந்துக்கடையில் கேட்டேன். சேலத்திலிருந்து வர வேண்டும், நாளை ஈஸ்டர் ஞாயிறு, சொல்லி வைக்கிறேன் என்றார் கடைக்காரர். சேலம் போய்வர அரை நாள் விடுப்புக் கேட்டேன். நாளையும் மறுநாளும் முதலுதவிப் பயிற்சி, யாரும் இறங்கக் கூடாது என்றார் நவநீதன் சார். என்ன காரணம் என்று கேட்டார். துணி வாங்க என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

முதலுதவிப் பயிற்சியில் டாக்டர் ஹெப்சிபா பாடம் எடுத்தார். சர்க்கரை ஏறினால் என்ன தெரியும்? தாகம், அடிக்கடி சிறுநீர், எரிச்சல், கண் மங்கல். நான் கரும்பலகையைப் பார்க்காமலே எழுதிக்கொண்டேன். வகுப்பில் மூன்று முறை தண்ணீர் பிடிக்கப் போனேன்.

மாலை என் சர்க்கரை அளவு 341. இரவுச் சாப்பாடு வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

டாக்டரிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐந்து நிமிட வேலை. அவருடைய அறைவாசல்வரை இரண்டு தடவை போய்வந்தேன். உள்ளே யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 21, திங்கள்

காலை 388. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

அலமேலுக்காவோடு சேர்ந்து சேமிப்பறை துடைத்தேன். அவர் வாளித் தண்ணீர் மாற்றக் குழாயடிக்குப் போனார். வேறொன்றும் நடக்கவில்லை.

சாயங்காலம் 164. உடம்பு பரவாயில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

பெயர் அட்டைகள் எழுதினோம். ரிஸ்வானாவின் கையெழுத்து அழகு. என்னை ஒரே இடத்தில் உட்காரவே மாட்டாயா என்று கேட்டாள்.

ஏப்ரல் 23, புதன்

நவநீதன் சார் மருந்து இருப்பைச் சரிபார்த்தார். ஐம்பத்தொன்பது. மறுபடி எண்ணினார். என்னைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். ஐம்பத்தொன்பது. முதல் நாளே நான் தப்பாக எண்ணியிருக்கலாம் என்று சொன்னேன். தானும் பக்கத்தில் நின்று எண்ணியதாக அவர் சொன்னார்.

அலமேலுக்காவின் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, ஊசி போட்டுக்கொள்பவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு வாரமாக மருந்து வரவில்லை. இது எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அலமேலுக்காவே சொல்லிப் புலம்பியிருக்கிறார். சார் சத்தம் போடவில்லை. சமையலறை வாசலில் நின்று, போலீஸ் அதுஇது என்று போகப்போவதில்லை, நாளையிலிருந்து வர வேண்டாம், சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்றார். காய்கறி இறக்க வந்தவர்கள் இருவர் நின்றிருந்தார்கள். ரிஸ்வானா, தோட்டக்காரர், நான்.

“நா எடுக்கலீங்க” என்றார் அலமேலுக்கா. ஒரு முறைதான் சொன்னார். கையிலிருந்த மாவைத் துடைத்துவிட்டு, இடுப்பு முடிச்சிலிருந்து சாவியை அவிழ்த்து மேடைமேல் வைத்தார். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனார்.

பாவமாக இருந்தது. டாக்டர் சேலம் போயிருக்கிறார், திரும்பி வந்ததும் விசாரிப்பார் என்று நினைக்கிறேன்.

சாவியை இனி நான் வைத்துக்கொள்ள வேண்டுமாம். நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார் சார்.

ஏப்ரல் 24, வியாழன்

நான் ஊற்றிய இட்லி முப்பத்தைந்து, நாற்பத்தெட்டு, முப்பத்தொன்று, ஐம்பது.

ஏப்ரல் 25, வெள்ளி

மூன்று மணிக்கு விழிப்பு வந்து, விடியும்வரை புரண்டேன். இந்த நோட்டில்கூடப் பொய் எழுதிக்கொண்டிருந்தால் அப்புறம் எதற்கு இந்த நோட்டு?

நான்தான் எடுத்தேன். திங்கட்கிழமை, அவர் தண்ணீர் மாற்றப் போனபோது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. மேல் வரிசையில் இடமிருந்து மூன்றாவது. கடையில் சொல்லி வைத்தது வந்ததும் ஒன்று வாங்கி அதே இடத்தில் வைத்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன். எண்ணுவார்கள் என்று நினைக்கவில்லை. எண்ணினால் அலமேலுக்கா மேல் விழும் என்று நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றால் நினைக்க விரும்பவில்லை.

புதன்கிழமை அந்த வாசலில் நான் நின்றேனே, அப்போது பேசியிருக்கலாம். பேசினால் ‘எதற்கு எடுத்தாய்’ என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்க ஒன்பது வருடமாகப் பழகியிருக்கிறேன்.

கடைக்காரர் பேசினார். மருந்து வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்கிறேன் என்றேன். வைத்துவிட்டால் அறுபது ஆகிவிடும். எண்ணிக்கை சரியாகிவிட்டால் அவரைத் திரும்பக் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான். அதோடு முடிந்துவிடும்.

ஏப்ரல் 26, சனி

அலமேலுக்கா ஸ்வெட்டரும் சாப்பாட்டுத் தூக்கும் எடுத்துப்போக வந்தார். நான் மாடிப்படியிலிருந்து பார்த்தேன். இறங்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஏரிக்கரை படகுத்துறையில் பத்தரைக்குப் பார்த்தார்கள். சங்ககிரியிலிருந்து காரில் அவர்கள் இருவரும், அதே காரில் அம்மாவும். மாப்பிள்ளையின் அம்மா நல்லவராகத்தான் தெரிந்தார். குளிருகிறதா என்று கேட்டுத் தன் சால்வையை என் தோளில் போட்டார். என்ன முகாம் கண்ணு என்று அவர் கேட்டதும், நான் வாய் திறக்கும் முன்பே அம்மா “வெளையாட்டு கேம்ப்புங்க” என்றார். மாப்பிள்ளையின் அக்கா டப்பாவைத் திறந்து மைசூர்பாகு நீட்டினாள். அவர்கள் வீட்டில் செய்ததாம். நெய் கையில் வழிந்தது. ஒன்று தின்றேன். இன்னொன்றை மாப்பிள்ளையின் அம்மாவே வாயில் ஊட்டினார். அதையும் தின்றேன். சர்க்கரை போட்ட டீ. அம்மா என் பக்கத்தில் நகர்ந்து, காதருகே, ஊசி போட்டுக்கொண்டாயா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அப்புறம் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு அவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

அவர்களுக்குப் பிடித்துவிட்டது. போகும்போது அம்மாவின் முகம் அவ்வளவு லேசாக இருந்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு ஓடிப்போய்விட வேண்டும் போலிருந்தது.

திரும்பும் வழியில் மருந்துக்கடை. பேனாவை வாங்கினேன். மூன்று மணிக்கு சேமிப்பறை வெப்பமானி பார்க்கும் நேரம். மேல் வரிசை, இடமிருந்து மூன்றாவது.

அறுபது.

ஏப்ரல் 28, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணி. தன்னார்வலர்கள் பன்னிரண்டு பேர் வரும் நாள் என்பதால் நவநீதன் சார் எல்லாவற்றையும் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தார். நான் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் ஹெப்சிபா இரவுதான் சேலத்திலிருந்து வந்திருந்தார்; மூலை மேஜையில் குழந்தைகளின் படிவங்களைப் படித்துக்கொண்டிருந்தார். சார் விறுவிறுவென்று வந்தார்.

அறுபது இருக்கிறது என்றார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்து அவர் சொன்னார்: “பாத்தீங்களா டாக்டர். சனிக்கிழமை ஸ்வெட்டர் எடுக்கற சாக்குல வந்து, வெப்பமானி பாக்க ரூம் தெறந்திருந்த நேரத்துல பயந்துக்கிட்டுத் திரும்ப வெச்சிட்டுப் போயிருக்காங்க. நான் நெனச்சது சரிதான்.”

அவருக்கு இதில் சந்தோஷம் இல்லை. அதைச் சொல்ல வேண்டும். ஐந்து நாளாக, தான் ஒரு பெண்ணைத் தப்பாக அனுப்பிவிட்டோமோ என்று அவருக்கும் உறுத்தியிருக்கிறது. இப்போது நிம்மதி. அந்த நிம்மதியை அவருக்குக் கொடுத்தவள் நான். எண்ணிக்கையைச் சரிசெய்யப் போய் அலமேலுக்கா மேல் திருட்டை அழுத்தி ஒட்டிவிட்டேன்.

“அவங்க இல்ல சார், நான்தான்” என்றேன்.

குரல் சின்னதாக வந்தது. அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். நீ அந்த அம்மாவோடு பழகினவள், இரக்கப்பட்டு உன் மேல் போட்டுக்கொள்கிறாய், இதெல்லாம் வேண்டாம் என்றார். உனக்கு எதற்கு இன்சுலின் என்று கேட்டார். கேட்டுவிட்டு லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

அறைக்கு ஓடினேன். என் கைப்பேனாவை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தேன். ‘விற்பனைக்கல்ல’ முத்திரை, பாதி தீர்ந்தது. குளிர்பெட்டியில் இருக்கும் மூன்றாவது பேனாவை எடுத்துப் பாருங்கள், அதில் விலை அச்சடித்திருக்கும் என்றேன். சார் போய் எடுத்துவந்தார். விலை இருந்தது. அப்படியும் அவர் என்னையும் பேனாவையும் மாறிமாறிப் பார்த்தார். நான் இடது கையை விரித்து டாக்டரிடம் நீட்டினேன். விரல் நுனிகளில் சர்க்கரை பார்க்க ஒன்பது வருடமாகக் குத்திய புள்ளிகள். அவர் என் நடுவிரலைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். வேறு யாராக இருந்தாலும் துணி தைத்து ஊசி குத்திய விரல் என்று நினைத்திருப்பார்கள்.

“எத்தனை வயசுல வந்துச்சு?”

“பதினொண்ணு.”

“இங்க வந்த அன்னிக்கே ஏன் சொல்லல?”

உறைந்த பேனா, ஈஸ்டர் விடுமுறை, துணி வாங்க என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கையிலிருந்த எண் தாள்களைக் கசக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன், பாதி மேஜைகளுக்கு மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

டாக்டருக்குக் கோபம் வந்தது. நான் நோயை மறைத்ததற்கு இல்லை. “கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேன். அது போகட்டும். புதன்கிழமை அந்தம்மாவை அனுப்பும்போது நீ அங்கதான் நின்னியா?” நின்றேன் என்றேன். சாவியை வாங்கி நவநீதன் சாரிடம் கொடுத்தார். கல்லூரிக்குப் போகும் அறிக்கையில் இது இருக்கும் என்றார். முகாம் முடியும்வரை நான் இருக்கலாம், ஆள் குறைவு. நாளை காலை அலமேலுக்கா வீட்டுக்கு நானும் நவநீதன் சாரும் போக வேண்டும் என்றார்.

மாலை ரிஸ்வானா அறையில் கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். செய்தி அதற்குள் வந்துவிட்டது. குளியலறை விஷயத்தில் எனக்கு வயிற்றுக்கோளாறு என்று நினைத்து, தன் தயிரையெல்லாம் எனக்குத் தந்துகொண்டிருந்தாளாம். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அந்தம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றது கண்ணிலேயே நிற்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஊருக்குள் வண்டி போகாது. காப்பிச் செடிகளுக்கு நடுவே இருபது நிமிடம் இறக்கம். முற்றத்தில் மிளகு காயப் போட்டிருந்தது. அலமேலுக்காவின் அப்பா வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், ஒரு காலில் கட்டு. எங்களைப் பார்த்ததும் எழப்போனார். சார் தடுத்தார்.

நான் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். அங்கே நின்றதும் வரிசை தப்பிவிட்டது. நான்தான் எடுத்தேன், எனக்குச் சர்க்கரை இருக்கிறது, மறைக்கப்போய் இப்படி ஆகிவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று குழறினேன். அலமேலுக்கா மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே கேட்டார். நிமிரவில்லை.

“இத எனக்கு எதுக்குங்க சொல்றீங்க? நா எடுக்கலேன்னு எனக்குத் தெரியாதா? யாருக்குத் தெரியாதோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க.”

முதல் முறையாக என்னை ‘நீங்க’ என்றார்.

காய்கறிக்காரர்கள் கீழே சந்தைவரைக்கும் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாளாக யாரும் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவருடைய மகளை அங்கன்வாடியில் ஒரு பெண் கேட்டிருக்கிறாள், உங்கம்மா மருந்து திருடினாளாமே என்று. இதை அவர் சொல்லவில்லை. அவருடைய அப்பா சொன்னார்.

சார் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் நின்றார். நாளை காலை பத்து மணிக்கு எல்லோரையும் கூப்பிடுகிறேன், காய்கறிக்காரர்களையும் வரச் சொல்கிறேன், நீங்கள் வர வேண்டும் என்றார். அலமேலுக்கா அடுத்த கைப்பிடி மிளகைப் பரப்பினார்.

ஏறும்போது எனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. கால் பின்னியது. பையில் வைத்திருந்த மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்தேன். சார் பக்கத்தில் நின்றார். நீ விடுப்புக் கேட்டபோது நானும் இன்னொரு தடவை காரணம் கேட்டிருக்கலாம் என்றார். கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன் சார் என்றேன்.

ஏப்ரல் 30, புதன்

பத்து மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் பத்தொன்பது பேர். புதிதாக வந்த தன்னார்வலர்கள் எதற்கென்று தெரியாமல் நின்றார்கள். அலமேலுக்கா கடைசியில் வந்து கதவருகே நின்றார். இஸ்திரி போட்ட புடவை.

சொன்னேன். இந்தத் தடவை குழறவில்லை. எந்த நாள், எந்த வரிசை, எத்தனாவது பேனா, யார் தண்ணீர் எடுக்கப் போனார், புதன்கிழமை நான் எந்த இடத்தில் நின்றேன், எல்லாம். காய்கறிக்காரர்களில் ஒருவர் தரையைப் பார்த்தார். நவநீதன் சாரும் மன்னிப்புக் கேட்டார். ஏதோ அறிவிப்பு வாசிப்பது போலத்தான் அவருக்கு வந்தது, ஆனால் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

அலமேலுக்கா, “சரிங்க” என்றார். பத்து நாளைக்குச் சமையலுக்கு வருகிறேன், பிள்ளைகள் வருகிறார்கள், ஆள் வேண்டுமே என்றார். சார் சாவியை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

“அது வேண்டாங்க. வேற ஆருகிட்டயாச்சும் குடுங்க.”

உள்ளே போய் மாவுப் பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து பார்த்தார். புளித்துவிட்டது என்று யாரிடமோ சொன்னது கேட்டது.

மதியம் அம்மாவை அழைத்தேன். வேறு யார் வழியாகவாவது போவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். பாதிவரை கேட்டார். “ஆராருக்குத் தெரியும்?” என்றார். பத்தொன்பது பேருக்கு என்றேன். “ஒம்பது வருசம்” என்றார். வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கயிற்றேணி முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா முடிச்சும் இறுக்கமாகத்தான் இருந்தன.

ஆறு மணிக்கு அப்பா. போர்வெல் லாரியோடு மகாராஷ்டிராவில் இருக்கிறார், பின்னால் இயந்திரச் சத்தம். அப்பா என்னோடு போனில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசியதில்லை. இன்றும் பேசவில்லை. “சங்ககிரிக்காரங்ககிட்ட நானே கூப்பிட்டுச் சொல்லிப்போட்டேன் சாமி. மறைச்சுக் கட்டிக் குடுத்துப்போட்டு நீ அங்கயும் பாத்ரூமுக்குள்ளயே நிக்கோணுமா?” அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மா அழுதுகொண்டிருக்கிறார், இரண்டு நாள் கூப்பிடாதே என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது.

மே 1, வியாழன்

இரண்டு பேருந்துகள். நாற்பத்திரண்டு பேர். வாந்தி எடுத்தவர்கள் ஒன்பது. தொலைந்த செருப்பு நான்கு ஜோடி. அழுத அம்மாக்களை எண்ணவில்லை.

அலமேலுக்கா என் தட்டில் இட்லி வைத்தார். “போதுங்களா?” என்று கேட்டார். இன்னும் ‘நீங்க’தான். போதுங்கக்கா என்றேன்.

மே 2, வெள்ளி

காலை ஏழரை மணிக்குச் சாப்பாட்டுக் கூடம் சந்தை மாதிரி இருந்தது. ஒவ்வொரு மேஜையிலும் ஆறு குழந்தைகள், சர்க்கரை பார்க்கும் ஆறு மீட்டர்கள். விரலைக் குத்துகிறார்கள், ரத்தச் சொட்டை ஸ்டிரிப்பில் வைக்கிறார்கள், எண்ணைக் கத்துகிறார்கள். பரீட்சை மதிப்பெண் போல ஒருவரையொருவர் எட்டிப் பார்க்கிறார்கள். எட்டு வயதுப் பெண் ஒருத்தி தொண்ணூற்றெட்டு என்று கத்திக்கொண்டு மேஜையைச் சுற்றி ஓடினாள்.

நான் ஐந்தாம் மேஜை. டாக்டர் போகிற போக்கில் என்னிடம் ஒரு படிவத்தை வைத்துவிட்டுப் போனார். மேஜைப் பொறுப்பாளரின் அளவும் எழுத வேண்டுமாம். அங்கேயே, எல்லோரும் பார்க்க, நானும் குத்தினேன். சொட்டைத் தள்ளி வைத்ததில் முதல் ஸ்டிரிப் வீணானது.

பக்கத்தில் ஒட்டன்சத்திரத்துப் பையன் தர்னீஷ், பத்து வயது, முன்பல் இல்லை. என் மீட்டர் மேலேயே கண்.

“அக்கா, உங்களுக்கு எவ்ளோ?”

வீட்டில் அம்மா கதவைச் சாத்திவிட்டுத்தான் அதைக் கேட்பார். நானும் விரலால்தான் காட்டுவேன்.

“இருநூத்திப் பன்னெண்டு” என்றேன்.

சத்தமாகத்தான் வந்தது. எதிரே இருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் ஊசிக்குத் திரும்பினார்கள். தர்னீஷ் கொஞ்சம் யோசித்தான்.

“எனக்கு நூத்தி எழுபத்தொண்ணு. நீங்க நேத்து எதாச்சும் திருட்டுத்தனமா தின்னீங்களா?”

“ஒரு லட்டு.”

“நானும் ஒண்ணு தின்னேன். பரவால்லக்கா, மத்தியானம் எறங்கிரும்” என்று சொல்லிவிட்டு, சட்னிக் கிண்ணத்தைத் தன் பக்கம் தள்ளச் சொன்னான்.